மெமரி கார்டு வாங்கும் முன்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் வந்து கலந்ததே, நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். படகும் வலையும் தார் பூசினாப்போல ஆயிடுச்சு. அந்த மாதிரி நேரத்தில் எதெது பாழானது என்று அதிகாரிகளிடம் காட்ட நம் கையில் இருப்பது செல்போன் படம்தான். குழுவின் தீர்மானப் புத்தகம், பாஸ்புக், ரேஷன் கார்டு எல்லாத்தையும் இப்போ போனில்தானே படம் பிடிச்சு வைக்கிறோம்? போன் நிறைஞ்சு ‘இடமில்லை’ என்று காட்டினால் உடனே புதுப் போன் வாங்க வேண்டாம். ஒரு மெமரி கார்டு போதும். ஆனா பார்த்து வாங்கணும்.

முதலில் நம் போனில் கார்டு போட இடம் இருக்கா பாருங்க. இப்போ வரும் பல போன்களில் கிடையாது. சிலதில் இரண்டாவது சிம் அல்லது கார்டு, ஏதாவது ஒன்றுதான். பட்டன் போன் பலவற்றில் 32 ஜிபிக்கு மேல் எடுக்காது. கடைக்குப் போகும்போது போனையும் கையோடு கொண்டு போயிடுங்க.

ஒரு படம் சுமார் 4 எம்பி என்று வைத்தால், 32 ஜிபியில் 7,000 படத்துக்கு மேல் பிடிக்கும். படமும் ரசீதும் மட்டும் வைக்க அதுவே தாராளம். வீடியோதான் இடத்தைத் தின்னும். கார்டின் மேல் சி என்ற ஆங்கில எழுத்துக்குள் 10 என்று இருக்கும்; நொடிக்கு 10 எம்பியாவது பதியும் என்று அர்த்தம். நமக்கு அது போதும், வேகம் கூட வேணும்னு அதிகக் காசு கொடுக்காதீங்க.

பயப்பட வேண்டியது போலிக் கார்டுக்குத்தான். மேலே 128 ஜிபி என்று அச்சடிச்சிருக்கும், போனும் 128 என்றே காட்டும். உள்ளே இருப்பது 8 ஆகக்கூட இருக்கும். கார்டுக்குள் இருக்கும் சிப்பிலேயே பொய்க் கணக்கு எழுதி விடுறாங்க. காசிமேட்டில் கூடையின் மேலே நல்ல மீனை அடுக்கி, அடியில் ஐஸை ரொப்பி வைத்தால் நாம சும்மா விடுவோமா? கையை விட்டுப் பார்ப்போம் இல்லையா? இதில் கை விட முடியாது. 8 ஜிபி நிறையும் வரை எல்லாம் ஒழுங்கா இருக்கும். அப்புறம் எடுக்கும் படம் பழைய படத்தின் மேலேயே ஏறும், இல்லைன்னா பேர் மட்டும் இருக்கும், தொட்டால் திறக்காது. நமக்குத் தெரிய வரும்போது மாசக் கணக்கு ஆகியிருக்கும். கடைக்காரரிடம் என்னத்தைக் கேட்பது?

அதனால் வாங்கின அன்றைக்கே நிரப்பிப் பாருங்க. போனில் உள்ள வீடியோக்களையே திரும்பத் திரும்பக் காப்பி செய்து கார்டை நிரப்பி, முதலில் ஏற்றினதையும் கடைசியா ஏற்றினதையும் ஓட்டிப் பார்க்கணும். வீட்டுப் பிள்ளைகளிடம் கம்ப்யூட்டர் இருந்தால் எச்2டெஸ்ட்டபிள்யூ என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கு, அது உள்ளதை உள்ளபடி சொல்லிடும்.

பீச் ஸ்டேஷனில் இறங்கினால் பர்மா பஜார். 1960களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த நம் ஜனங்களுக்காக வந்த கடைத்தெரு அது. பேரம் பேசலாம், தப்பில்லை. எந்தக் கடையானாலும் விலையை ஜிபியால் வகுத்துப் பாருங்க. இரண்டு கடையில் ஒரே மாதிரி இருந்து மூன்றாவது கடையில் பாதி விலை சொன்னால் சந்தேகப்படணும். பில் தராத இடத்தில் வாங்க வேண்டாம்.

இன்னொன்று. ஆண்ட்ராய்டு போனில் கார்டைப் போட்டதும், அதைப் போனின் சொந்த நினைவகமாக வைக்கவா, தனிக் கார்டாக வைக்கவா என்று சில போன்கள் கேட்கும். தனிக் கார்டு என்பதையே தொடுங்க. மற்றதைத் தொட்டால் அந்தக் கார்டு வேறு போனில் திறக்காது. போன் தண்ணியில் விழுந்து செத்துப் போனால் கார்டு நல்லா இருந்தும் படம் கிடைக்காது.