ஓயாமற் சொறியும் நாய்



நெடுந்தீவைப் பற்றி வானொலியிற் பேசுவோர் அங்கே கட்டாக்காலியாகத் திரியும் குதிரைகளைக் கூறாது விடுவதில்லை. நயினாதீவு என்றால் நாகபூஷணி அம்மன் கோயிலையும் நாகதீப விகாரையையும், ஊர்காவற்றுறை என்றால் கடல் நடுவே நிற்கும் கோட்டையையும் கூறுவர். அவை யாவும் கூறத்தக்கனவே. ஆயினும் குறிகட்டுவான் துறையிற் படகுக்குக் காத்து நிற்கையில் எமது காலடியில் வந்து படுத்துக்கொள்ளும் உயிரைப் பற்றி எவரும் பேச நான் கேட்டதில்லை. இன்று நாயைப் பற்றிப் பேச எண்ணுகிறேன். இரவு பகலாகச் சொறிந்து, காது சிவந்து, வயிற்றில் உரோமம் உதிர்ந்து, அருகில் வந்தால் நாற்றம் வீசுகின்ற, வளர்த்தவரே முகஞ்சுளித்து விரட்டுகின்ற நாய்தான் என் பொருள்.

சொறிநாய் என்று ஒரு சொல் எம்மிடம் உண்டு. வசைச் சொல்லாகவும் அதனை வழங்குகிறோம். அச்சொல் ஒரு நாயின்மேல் விழுந்தவுடன் அதன் கதை முடிந்துவிடுகிறது. நேற்றுவரை வாசற்படியிற் கிடந்த நாய் இன்று படலைக்கு வெளியே நிற்கிறது. ஒருவர் கல்லெறிகிறார்; ஒருவர் சுடுநீர் ஊற்றுகிறார்; சற்று இரக்கமுள்ளவர் மருந்து செய்வதாக எண்ணிக் கழிவொயிலைப் பூசுகிறார். இயந்திரப் படகுகள் மிகுந்த எமது தீவுகளிற் கழிவொயிலுக்குப் பஞ்சமில்லை. மண்ணெண்ணெய் பூசுவோரும் உளர். இவ்விரண்டையும் பற்றி ஒளிவுமறைவின்றிக் கூறிவிடுகிறேன்: இவை மருந்தல்ல, நஞ்சு. புண்பட்ட தோலின் வழியே உடலுக்குட் செல்வன; நாய் தன் உடலை நக்குவதால் வயிற்றுக்குள்ளும் செல்வன. தோலைச் சுட்டு, ஈரலையும் சிறுநீரகத்தையும் தாக்கவல்லன. எண்ணெய் பூசிய நாய் சொறிவதை நிறுத்திவிட்டது என்று சிலர் மகிழ்வர். சொறியும் வலுவும் அதற்கு இல்லாமற் போயிருக்கலாம் என்பதை அவர் எண்ணுவதில்லை.

எங்கள் முன்னோர் செய்தன எல்லாம் பிழையென்று நான் கூற வரவில்லை. அவர்கள் கையாண்ட கந்தகம் தோலுண்ணிகளைக் கொல்லும் ஆற்றல் உடையதுதான். சுண்ணாம்பும் கந்தகமும் சேர்ந்த கரைசலை மிருக வைத்தியர்கள் இன்றும் பயன்படுத்துவதுண்டு. ஆனால் அளவறியாது பூசுவது வேறு, அளவறிந்து பயன்படுத்துவது வேறு. மேலும், சொறிகின்ற நாய்க்கெல்லாம் தோலுண்ணி நோய் என்று கொள்வதும் சரியன்று. பல நாய்களுக்கு உள்ளது ஒவ்வாமை.

ஒவ்வாமை என்பது யாது? பிறருக்குத் தீங்கு செய்யாத ஒரு பொருளை ஓர் உடல் பகைவனாகக் கருதிப் போர்தொடுப்பது என்று சுருக்கமாகக் கூறலாம். இவ்வறிவு மனிதகுலத்திற்குக் கிடைத்த வரலாற்றிலே நாயொன்றுக்கு இடமுண்டு, கடலுக்கும் இடமுண்டு. 1901ஆம் ஆண்டில் மொனாக்கோ நாட்டு இளவரசர் முதலாம் அல்பேட்டின் கப்பலிற் சென்ற பிரெஞ்சு அறிஞர்களாகிய சார்ள்ஸ் றிஷே, போல் போர்த்தியே என்னும் இருவர், சொறிமுட்டையை ஒத்த ஒரு கடலுயிரின் நஞ்சை ஆராய்ந்தனர். எங்கள் மீனவர் வலையிற் சிக்கி, கைபட்டால் தடித்துச் சொறிவெடுக்கும் அந்த இனத்தை ஒத்ததுதான். பின்னர் பாரிஸ் நகரில், கடற்சாமந்தியின் நஞ்சைக் கொண்டு ஆய்வைத் தொடர்ந்தனர். நெப்டியூன் என்று பெயரிட்ட வலிய நாயொன்றுக்குச் சிறிதளவு நஞ்சை ஏற்றினர். நாய் அதனைத் தாங்கிக்கொண்டது. மூன்று வாரங்களுக்குப் பின், நல்ல சுகத்தோடு இருந்த அந்நாய்க்கு அதே அளவு நஞ்சை மீண்டும் ஏற்றியபோது, சில நொடிகளில் மூச்சுத் திணறி, 25 நிமிடங்களில் இறந்துபோயிற்று. முதன்முறை பெற்ற அறிமுகம் காப்பாக அமையாமற் கேடாக அமைந்தது. இந்த ஆராய்ச்சிக்காக றிஷே 1913இல் நோபல் பரிசு பெற்றார். இடையில் 1906இல் வியன்னா நகரத்துக் குழந்தை வைத்தியர் கிளெமென்ஸ் வொன் பேர்க்கே என்பவர், இத்தகைய மாறுபட்ட எதிர்வினைகளுக்கெல்லாம் பொதுவாக அலர்ஜி என்னும் சொல்லை ஆக்கினார்.

நெப்டியூனுக்கு நேர்ந்தது கடும்வேகத்தில் நிகழும் வகை. நாம் காணும் நாயின் சொறிவோ மெல்ல மெல்ல, மாதக்கணக்கில் வாட்டும் வகை. இரண்டிலும் ஒன்று பொது: முன்பு ஒத்துக்கொண்ட பொருளே பின்பு ஒவ்வாததாக மாறுகிறது. “மூன்று வருடமாக இதைத்தானே தின்றது, இதனால் எப்படி வரும்?” என்று வளர்ப்போர் கேட்பதுண்டு. மூன்று வருடம் தின்றதனாலேதான் வரக்கூடும்.

எங்கே தொடங்குவது? உணவிற் பழி போடுமுன் பூச்சிகளைப் பார்க்க வேண்டும். தெள்ளின் எச்சிலுக்கு ஒவ்வாமை உள்ள நாய்க்கு ஒருசில தெள்ளுகளே போதும். வாலடியையும் பின்தொடையையும் கடித்துக் குதறிவிடும். தெள்ளின் பெரும்பகுதி நாயின்மேல் இருப்பதில்லை. முட்டையும் புழுவும் கூடுமாக, நாய் படுக்கும் மணலிலும் சாக்கிலும் திண்ணை மூலையிலும் இருக்கிறது. ஆதலால் நாய்க்கு மட்டும் மருந்திட்டுச் சாக்கை விட்டுவிட்டால் வேலை அரைகுறையே. சாக்கைக் கொதிநீரில் அவித்து வெயிலிற் காயவைக்க வேண்டும். நாய் படுக்கும் இடத்தைக் கூட்டிப் பெருக்க வேண்டும். வீட்டிலுள்ள மற்ற நாய், பூனை அனைத்துக்கும் மருந்து வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை. நாய்க்குரிய சில தெள்ளு மருந்துகளில் பெர்மெத்திரின் என்னும் பொருள் உண்டு. அது பூனையைக் கொன்றுவிடும். தோலுண்ணி இருப்பின், வைத்தியர் தோலைச் சுரண்டி உருப்பெருக்கியின் கீழ்ப் பார்த்துக் கூறுவார். அவ்வுண்ணிகளில் ஒருவகை மனிதருக்கும் தொற்றிச் சிலகாலம் சொறிவு தரும். மற்றொரு வகை தொற்றாது. இரண்டுக்கும் இன்று நல்ல மாத்திரைகள் உள.

அடுத்தது நாற்றம். நாய் விரட்டப்படுவதற்கு உண்மையான காரணம் பெரும்பாலும் இதுவே. சொறிந்து புண்ணான தோலில் பற்றீரியாவும் பூஞ்சணமும் குடியேறுவதால் வீசுவது அந்த நாற்றம். அது நாயின் இயல்பன்று. சில வாரச் சிகிச்சையில் நீங்கிவிடும். குளோரெக்சிடின் கலந்த நாய்ச் சவர்க்கார நீரைப் பூசி, பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவ வேண்டும் என்பர் வைத்தியர். சலவைச் சவர்க்காரம் ஆகாது. தோலை மேலும் வறட்டும். கடலிற் குளிப்பாட்டினால் சொறி மாறும் என்ற நம்பிக்கை எமது தீவுகளில் உண்டு. உப்புநீர் தோலில் உலர்ந்தால் எரிவையும் சொறிவையும் கூட்டும். கடலுக்குட் சென்ற நாயை நன்னீரால் அலசிவிட வேண்டும். நன்னீரா என்று நெடுந்தீவு நேயர்கள் சிரிப்பது என் காதில் விழுகிறது. குடிநீருக்கே அல்லற்படும் ஊரில் நாய்க்கு வாளி வாளியாக வார்க்குமாறு கூற நான் துணியவில்லை. நாள்தோறும் ஒரு செம்பு நீரில் துணியை நனைத்துப் பாதங்களையும் வயிற்றையும் துடைத்துவிட்டாலே ஒட்டிய தூசியும் உப்பும் நீங்கும்.

இனி உணவுக்கு வருவோம். பூச்சியும் தொற்றும் நீங்கிய பின்னும் ஆண்டு முழுவதும் பாதத்தை நக்கி, காதைச் சொறிந்து, இடையிடையே வயிறும் கழியுமாயின் உணவை ஐயுற வேண்டும். உணவொவ்வாமை கொண்ட 297 நாய்களைப் பற்றிய அறிக்கைகளைத் தொகுத்து 2016இல் வெளியான ஆய்வொன்றின்படி, நூற்றுக்கு 34 நாய்களுக்கு மாட்டிறைச்சியும், 17 நாய்களுக்குப் பாலுணவும், 15 நாய்களுக்குக் கோழியும், 13 நாய்களுக்குக் கோதுமையும் ஒவ்வாதனவாக இருந்தன. மீனும் சோறும் ஒவ்வாதவை நூற்றுக்கு இரண்டிரண்டே. எங்கள் பாட்டிமார் வளர்த்த நாய் மீன்தலையும் சோறும் தின்று வளர்ந்தது. இன்றைய நாயோ பாணும் பால்தேநீரும் பிஸ்கற்றும் கோழியெலும்பும் தின்கிறது. நான் பழமை பாராட்டுவதாக நினைக்க வேண்டாம். மீன் ஒவ்வாத நாயும் உண்டு. நாய்க்கு எது ஒவ்வாது என்பதை எண்ணிக்கையைக் கொண்டு முடிவுசெய்ய இயலாது. அந்த நாயைக் கொண்டே அறிய வேண்டும். உரோமத்தை அனுப்பினால் ஒவ்வாத உணவைக் கூறுவோம் என்று விளம்பரம் செய்வாரை நம்பிப் பணம் இழக்க வேண்டாம். உணவொவ்வாமையைக் காட்டுவதில் குருதிச் சோதனையும் நம்பத்தக்கதன்று.

நம்பத்தக்கது ஒரே முறை. நாய் இதுவரை உண்டறியாத ஓர் இறைச்சியோ மீனோ, அதனோடு ஒரு மாப்பொருள். இவை தவிர வேறெதுவுமின்றி எட்டு வாரம் கொடுத்துப் பார்ப்பது. கோழியிற் பழகிய நாய்க்கு முள் நீக்கி அவித்த பாரையும் சோறும் ஏற்றவை. மீனிலே வளர்ந்த நாய்க்கு ஆட்டிறைச்சியும் வற்றாளைக் கிழங்கும் கொடுக்கலாம். உப்பு, மிளகாய் கூடாது. வெங்காயமும் உள்ளியும் நாயின் குருதிக்கு நஞ்சாதலால் குழம்பும் சொதியும் ஊற்றிய சோறு எக்காலத்தும் ஆகாது. அவித்த எலும்பும் மீன்முள்ளும் தொண்டையிற் சிக்கும். குட்டிகளுக்கு இத்தகைய குறுகிய உணவு போதாது; வைத்தியரைக் கேட்டே செய்ய வேண்டும். புரதத்தைச் சிறு சிறு துண்டுகளாக உடைத்து, உடல் அடையாளம் காணாதவாறு செய்த உணவுகளும் விற்பனைக்கு உள்ளன. விலையோ எளியோர் கைக்கு எட்டாதது.

கேட்பதற்கு எளிது, செய்வதற்கு அரிது. ஒன்பதாந் தர மாணவன் ஒருவன் தன் நாயை வேறூருக்குக் கொண்டுபோய் விடப்போகிறார்கள் என்று என்னிடம் வந்து கண்கலங்கினான். யாழ்ப்பாணத்து வைத்தியர் ஒருவர் கூறியபடி எட்டு வாரம் முயல்வதென்றும், நாயின் வாயுட் செல்வதனைத்தையும் கொப்பியில் எழுதுவதென்றும் வீட்டாரை இசையவைத்தோம். ஆறாம் வாரத்திற் சொறிவு பாதிக்குமேல் தணிந்திருந்தது. திடீரென ஒருநாள் மீண்டும் தொடங்கியது. பையன் கொப்பியோடு வந்து நின்றான். “சேர், நாய் களவெடுக்கேல்லை. தங்கச்சிதான் பாலிலை றஸ்க் தோய்ச்சுக் குடுத்தவ” என்றான். தங்கை செய்தது அன்பினால். எட்டு வாரம் நிறைந்த பின் பழைய உணவுகளை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுத்தபோது, கோழி ஒன்றும் செய்யவில்லை. றஸ்க்கும் ஒன்றும் செய்யவில்லை. பால் கொடுத்த மூன்றாம் நாள் காது சிவந்தது. காரணம் தெரிந்துவிட்டது. இவ்வாறு திரும்பக் கொடுத்துப் பார்ப்பதைப் பலர் விட்டுவிடுகின்றனர். அதனை விட்டால் முன்செய்த எட்டு வாரமும் வீண். ஒவ்வொரு பொருளுக்கும் இரு வாரம் பொறுக்க வேண்டும்.

நாய்க்கு உணவூட்டுபவர் வீட்டார் மட்டுமல்லர். அயல்வீட்டு ஆச்சியும், கடைக்காரரும், பாடசாலைப் பிள்ளைகளும் ஊட்டுவர். ஆனி மாதத்தில் நயினை அம்மன் திருவிழாவுக்குத் திரளும் அடியார் கையிலுள்ளதையெல்லாம் நாய்க்கும் ஈவர். ஆதலின் நயினாதீவார் இச்சோதனையைத் திருவிழா கழிந்த பின் தொடங்குவது நலம். இறைச்சிச் சுவை சேர்த்த உண்ணி மாத்திரைகளும் சோதனையைக் கெடுக்கக்கூடும்; வைத்தியரிடம் கேட்டுச் சுவை சேர்க்காததைப் பெறலாம். ஐஸ் இன்றிக் கிடந்த சூரை, கும்பளா போன்ற மீன்களில் ஹிஸ்டமின் என்னும் பொருள் பெருகும். அதனால் வரும் தடிப்பு ஒவ்வாமையன்று, பழுதடைந்த மீனின் கேடு. இரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது.

உணவை மாற்றியும் தணியாதாயின் தூசியுண்ணி, பூந்தாது முதலியவற்றுக்கு ஏற்படும் ஒவ்வாமையாக இருக்கலாம். பெரும்பாலும் ஆறு மாதத்திற்கும் மூன்று வயதிற்கும் இடையிலே தொடங்குவது அது. சோளகம் புழுதி வாரி வீசும் மாதங்களிற் கூடுகிறதா, மாரியிற் கூடுகிறதா என்பதையும் கொப்பியில் எழுத வேண்டும். இதனை அடியோடு மாற்றும் மருந்து இல்லை. அடக்கி வைக்கும் மருந்துகள் உள. பிரெட்னிசலோன் மலிவானது, விரைந்து வேலை செய்வது. நெடுநாள் கொடுத்தால் தாகமும் பசியும் மிகுந்து உடல் கெடும். திடீரென நிறுத்துவதும் ஆபத்து. 2013இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஒக்லாசிட்டினிப் என்னும் மருந்து சொறிவைத் தணிப்பது; விலை கூடியது. எதனைக் கொடுப்பதென்பது வைத்தியர் கூற வேண்டியது. மனிதருக்குரிய துத்தநாகக் களிம்பைப் பூசினால் நாய் அதனை நக்கி நஞ்சேறும்.

வைத்தியரிடம் செல்வது தீவகத்தார்க்கு எளிதன்று. நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு ஒரு மணிநேரம் கடல். அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்குத் தரைவழி. இன்று பலரிடம் கைத்தொலைபேசி உள்ளது. சிவந்த இடங்களைப் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து முதலில் அனுப்பினால், வரவேண்டுமா காத்திருக்கலாமா என்று வைத்தியரே கூறிவிடுவார். வரச் சொன்னால், புறப்படுமுன் இரண்டு மூன்று நாள் நாயைக் குளிப்பாட்ட வேண்டாம், எதையும் பூசவும் வேண்டாம். தோலின் உண்மை நிலையை அவர் காண வேண்டும். கொதிகாலமாயின் காலைப் படகிலேயே செல்லுங்கள். கொப்பியை மறவாது கையில் எடுத்துக்கொள்ளுங்கள். நாய்க்கு ஒரு போத்தல் தண்ணீரும்.