துளை சரியென்றால் மரை நிற்கும்

(மட்டக்களப்பில் வேலை பழகும் தோட்டத்து இளைஞர்களுக்கும் அவர்களைப் பார்க்க வந்த பெற்றோருக்கும் பட்டறைக்காரர் ஒருவர் ஆற்றிய உரை)



மேடைப் பேச்சு எனக்குப் பழக்கமில்லை. கையில் இரும்பு இருந்தால்தான் வாய் திறக்கும். அதனால் மூன்று ட்ரில் பிட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன்.

போன சிறுபோகத்தில் நடந்ததைச் சொல்லுறேன். படுவான்கரையில் வயல் செய்கிற ஐயா ஒருவர், தண்ணீர்ப் பம்பை லேண்ட்மாஸ்டரில் ஏற்றி வலையிறவுப் பாலத்தால் கொண்டுவந்தார். வாவிப் பக்கத்து உப்புக்காற்றுக்கு இரும்பு தாங்காது. மூடியைப் பிடிக்கிற எம் 8 போல்ட் துருப்பிடித்து, பம்பின் அலுமினிய உடம்புக்குள்ளேயே முறிந்து கிடந்தது. என்னிடம் பழகுகிற பொடியன் பதுளைப் பக்கத்துத் தோட்டம், நல்ல கைகாரன். முறிந்த துண்டை எடுத்துவிட்டுப் புது மரை வெட்ட நினைத்தான். 8 மில்லிமீற்றர் போல்ட்டுக்கு 8 மில்லிமீற்றர் பிட்தானே என்று துளைத்துவிட்டான். புதுப் போல்ட்டைப் போட்டால் வழுக்கிக்கொண்டு உள்ளே போகுது. அன்று இரவே வயலுக்குத் தண்ணீர் கட்ட வேணும். அந்த ஐயா ஒன்றும் பேசாமல் வாசற்படியில் குந்திவிட்டார்.

பொடியனில் பிழை இல்லை. கணக்கை நான்தான் சொல்லிக் கொடுக்கவில்லை.

கணக்கு இதுதான். போல்ட்டின் விட்டத்தில் இருந்து மரையின் பல் இடைவெளியைக் கழிக்க வேணும். எம் 8 இற்குப் பல் இடைவெளி 1.25 மில்லிமீற்றர். கழித்தால் 6.75, கடையில் 6.8 என்று கேளுங்கள். எம் 6 இற்கு இடைவெளி 1, ஆகவே 5. எம் 10 இற்கு 1.5, ஆகவே 8.5. இந்த மூன்று பிட்டும் இருந்தால் வீட்டு வேலை பெரும்பாலும் முடியும். ஆனால் எம் 10 இலேயே 1.25 இடைவெளி உள்ள நெருக்கமான மரையும் உண்டு, அதற்கு 8.8. டெப்பின் கழுத்தில் இரண்டு எண்ணும் வெட்டியிருக்கும், வாசித்துவிட்டுப் பிட்டை எடுங்கள்.

இப்படித் துளைத்தால் மரைப் பல் ஏறக்குறைய முக்கால் பங்கு ஆழத்துக்கு வெட்டுப்படும். அது போதும். இன்னும் இறுக்கமாக இருக்கட்டும் என்று துளையைச் சின்னதாக்கினால் பலம் பெரிதாய்க் கூடாது, டெப்தான் முறியும். டெப் கடினமான உருக்கு. துளைக்குள் முறிந்தால் சாதாரண பிட் அதைக் கடிக்காது. ஒரு நாள் கூலி அதோடு போச்சு. அரைச் சுற்றுத் திருப்பினால் கொஞ்சம் பின்னுக்குத் திருப்புங்கள், சுருள் அறும். இரும்புக்கு எண்ணெய், அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய். அடி மூடிய துளையென்றால் மரை வேண்டிய ஆழத்தை விடக் கொஞ்சம் கூடத் துளைக்க வேணும். கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் ட்ரில்லைத் தொடக் கூடாது, தாய்மார் இதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கட தேயிலை ஸ்டோர்களில் வேறொரு சிக்கல் இருக்கு. பெல்பாஸ்டில் செய்த சிரோக்கோ மாதிரிப் பழைய மிசின்களில் அங்குல மரை. 1841 இல் விட்வர்த் என்ற ஆங்கிலேயர் வகுத்த முறை. அதன் பல்லின் கோணம் 55 பாகை, மில்லிமீற்றர் மரைக்கு 60. அரை அங்குல நட்டுக்குள் எம் 12 போல்ட்டைப் போட்டால் முதலில் தளர்வாய்ப் போகும், பிறகு சிக்கும். அந்தச் சிக்கலைப் பிடிப்பு என்று நம்ப வேண்டாம், பல் நசிகிறது. ஓடுகிற மிசினுக்குப் பக்கத்தில் நிற்கிறது நம்மட ஆட்கள்.

பம்புக் கதையை விட்டுவிட்டேன். சுவர் தடிப்பாக இருந்தது நல்லதாய்ப் போச்சு. 8 மில்லிமீற்றர் துளையை 8.5 ஆக்கி, எம் 10 மரை வெட்டி, மூடியின் துளையையும் பெரிதாக்கினோம். வெட்டினது அதே பொடியன்தான். பொழுது சாயப் பம்பு பாலம் தாண்டிவிட்டது.

சரி தம்பிமாரே, மேசையில் அலுமினியத் துண்டுகள் வெட்டி வைத்திருக்கிறேன். ஆளுக்கொரு எம் 6 துளை போடுங்கள், பார்ப்போம்.