ஃபைல் இருக்கிறது, படம் எங்கே?

(வீடியோ எடிட்டிங், மோஷன் கிராபிக்ஸ் பயிற்சி முடித்த பிள்ளைகளுக்கும் அவர்களின் பெற்றோர்களுக்கும், வேலப்பன்சாவடி டிரஸ்ட் அலுவலகத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



பெரியவர்களே, தாய்மார்களே, பயிற்சி முடித்திருக்கும் பிள்ளைகளே!

எடிட்டிங் எப்படிச் செய்வது என்று சொல்ல நான் வரவில்லை. அதை உங்கள் பயிற்சியாளர் நன்றாகவே சொல்லித் தந்திருக்கிறார். பயிற்சியில் அரை மணி நேரத்தில் கடந்துபோகும் ஒரு விஷயத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன். இந்தத் தொழில் சம்பந்தமாக நம் அலுவலகத்துக்குப் பஞ்சாயத்து என்று ஏதாவது வந்தால், அது பெரும்பாலும் அந்த விஷயத்தில்தான் வருகிறது.

முதலில் பெற்றோர்களுக்கு. உங்கள் பிள்ளை ஒரு நிக்காஹ் வீடியோவை எடிட் செய்யும்போது 'புராஜெக்ட் ஃபைல்' என்று ஒன்றைச் சேமிக்கிறான். அதற்குள் வீடியோ இருக்காது. இந்த டிஸ்கில், இந்த ஃபோல்டரில், இந்தப் பெயரில் உள்ள காட்சியின் 12-வது வினாடியிலிருந்து 16-வது வினாடி வரை எடுத்துக்கொள் என்பது போன்ற குறிப்புகள்தான் இருக்கும். கேமராவில் எடுத்த மூலக் காட்சி, ஃபுட்டேஜ் என்கிறார்களே, அது தனியாக வேறிடத்தில் கிடக்கிறது. இந்தக் குறிப்புக்கும் அந்தக் காட்சிக்கும் உள்ள தொடர்பைத்தான் 'லிங்க்' என்கிறார்கள். புராஜெக்ட் ஃபைல் சில எம்.பி. அளவில் முடிந்துவிடும். ஃபுட்டேஜ் அப்படியில்லை. வினாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் 4கே பதிவு செய்யும் கேமரா ஒரு மணி நேரத்துக்கு 45 ஜி.பி. இடம் பிடிக்கும். இரண்டு கேமராவிலும் சேர்த்து ஐந்து மணி நேரம் எடுத்தால் 225 ஜி.பி. ஆகிறது. இடம் போதாமல் யாராவது எதையாவது அழிக்க நினைத்தால், கை முதலில் போவது அங்கேதான்.

வீடு மாறிப்போனவர்களின் பழைய முகவரிக்குக் கல்யாணப் பத்திரிகை அனுப்பினால் திரும்பி வருமே, அதே கதை இங்கேயும். ஃபோல்டரின் பெயரை மாற்றினாலும், காட்சிகளை வேறு டிஸ்குக்கு நகர்த்தினாலும், பிரீமியர் புரோவில் சிவப்புத் திரையில் 'மீடியா ஆஃப்லைன்' என்று வந்து நிற்கும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் வண்ணப் பட்டைகள் வரும். ஒன்றும் மாற்றாமலேகூட இது நடக்கும். நேற்று 'ஈ' டிரைவாக இருந்த டிஸ்க், இன்று வேறு பென்டிரைவ் ஏற்கெனவே செருகியிருப்பதால் 'எஃப்' ஆகிவிடும். விண்டோஸில் அந்த டிஸ்குக்கு ஒரு எழுத்தை நிரந்தரமாகக் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்தது.

இது கம்ப்யூட்டர் வந்த பிறகு முளைத்த ஏற்பாடு என்று நினைக்காதீர்கள். கோடம்பாக்கத்தில் பிலிமில் படம் எடுத்த காலத்தில் எடிட்டர் நெகட்டிவை வெட்ட மாட்டார். அதிலிருந்து ஒரு பிரதி எடுத்து, அதைத்தான் வெட்டி ஒட்டுவார். பிலிமின் ஓரத்தில் எண்கள் இருக்கும். எல்லாம் முடிவான பிறகு நெகட்டிவ் கட்டர் அந்த எண்களைப் பார்த்து நெகட்டிவைக் கத்தரிப்பார். 1994 பொங்கலுக்கு வந்த 'மகாநதி', ஆவிட் என்ற கம்ப்யூட்டர் முறையில் எடிட் செய்த முதல் இந்தியப் படம் என்று சொல்வார்கள். அப்போதும் கம்ப்யூட்டருக்குள் இருந்தது வேலைக்கான பிரதிதான். தியேட்டருக்குப் போகும் பிரிண்டுக்கு மூலம் நெகட்டிவ். கருவி மாறியிருக்கிறது, கணக்கு மாறவில்லை.

மூலம் தொலைந்தால் என்ன ஆகும் என்பதற்கும் நம் ஊரிலேயே சாட்சி உண்டு. 1931 அக்டோபர் 31 அன்று வெளியான 'காளிதாஸ்' முதல் தமிழ்ப் பேசும் படம். இன்று அதன் ஒரு பிரதிகூட இல்லை. நடனக் கலைஞர் உதயசங்கர் சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் எடுத்த 'கல்பனா' 1948-ல் வந்தது. அது தப்பித்தது. தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் பிரதிகள் இருந்ததால் அவற்றை வைத்துச் சீரமைத்து, 2012-ல் கான் திரைப்பட விழாவில் காட்டினார்கள். ஒரு படத்தை யாரோ ஓரிடத்தில் எடுத்துவைத்தார்கள், இன்னொன்றை வைக்கவில்லை. வேறு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

சரி, நம் விஷயத்துக்கு வருகிறேன். பெயர் சொல்ல மாட்டேன், இரண்டு தரப்பும் நமக்கு வேண்டியவர்கள்.

ஒரு குடும்பத்தில் நிக்காஹ் நடந்தது. மணப்பெண்ணின் நன்னிம்மா கட்டிலில் உட்கார்ந்தபடியே பேத்தியின் தலையில் கைவைத்து நெடுநேரம் துஆ செய்திருக்கிறார். கேமரா அதை முழுதாகப் பதிவு செய்திருக்கிறது. எடிட் செய்து கொடுத்த வீடியோவில் அது நான்கு வினாடி, அதன்மேல் நஷீத் ஓடுகிறது. குரல் கிடையாது. எடிட்டரைக் குறை சொல்ல முடியாது, மூன்று மணி நேரத்தில் எல்லாவற்றையும் வைக்க முடியுமா? ஒரு வருடத்துக்குள் அந்த அம்மா மௌத்தாகிவிட்டார். குடும்பத்தினர் அந்த முழுக் காட்சியைக் கேட்டு வந்தார்கள். பையன் நம்பிக்கையோடு புராஜெக்டைத் திறந்தான். வரிசையாகச் சிவப்புத் திரை. அடுத்த கல்யாண சீசனுக்காக அந்த டிஸ்க் ஃபார்மட் ஆகியிருந்தது.

அலுவலகத்தில் இரண்டு மணி நேரம் பேசினோம். "காசு கொடுத்தது நாங்க, எங்க வீட்டுப் படத்தை எங்களைக் கேக்காம எப்படி அழிக்கலாம்?" என்று பெண்ணின் அத்தா கேட்டார். "வீடியோவைக் கையில கொடுத்து ஏழு மாசம் ஆச்சு மாமா, எத்தனை வருஷம் நான் டிஸ்க் வாங்கி வைப்பேன்?" என்று பையன் கேட்டான். இரண்டு கேள்வியும் நியாயமானவை. ஃபுட்டேஜ் யாருக்குச் சொந்தம், எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும் என்று எதிலும் எழுதியிருக்கவில்லை. பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்து முடித்துக்கொண்டார்கள். பணத்தால் ஆவது என்ன? அந்தக் குரல் போனது போனதுதான்.

நான் கேட்டுக்கொள்வது இதைத்தான். ஒரு வீட்டின் ஃபுட்டேஜ் உங்கள் கையில் இருக்கும்வரை அது அமானிதம். எடிட்டிங் உங்கள் வேலை, ஃபுட்டேஜ் அவர்கள் பொருள். வீடியோவை ஒப்படைக்கும்போதே ஃபுட்டேஜ் முழுவதையும் அவர்கள் வாங்கித் தரும் ஒரு டிஸ்கில் போட்டுக் கொடுத்துவிடுங்கள், அல்லது எத்தனை நாள் வைத்திருப்பீர்கள் என்று தேதி போட்டு எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அழிப்பதற்கு முன் ஒரு போன் செய்யுங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்க வேண்டும் என்பது அல்பகராவின் 282-ஆம் வசனத்தை ஓதியிருக்கும் நமக்குப் புதிதல்ல.

இன்னொரு ஆபத்து உண்டு, என்னைக் கேட்டால் இதுதான் பெரிது. கேமரா தானாகவே காட்சிக்குப் பெயர் வைக்கிறது. பல சோனி கேமராக்களில் கார்டை ஃபார்மட் செய்ததும் சி0001 என்று மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அப்படியானால் உங்களிடம் இருக்கும் பத்துக் கல்யாணத்திலும் ஒரு சி0001 இருக்கும். லிங்க் அறுந்துபோய், அவசரத்தில் 'ரீலிங்க்' கொடுக்கும்போது தப்பான ஃபோல்டரைக் காட்டினால், ஒரு வீட்டு வீடியோவில் இன்னொரு வீட்டுப் பெண்கள் பகுதிக் காட்சி வந்து உட்கார்ந்துகொள்ளும். நம் சமுதாயத்தில் இதன் பொருள் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே கார்டிலிருந்து இறக்கிய உடனே, எடிட்டிங்கில் சேர்ப்பதற்கு முன்பே, தேதி, வீட்டின் அடையாளம், கேமரா எண் மூன்றையும் சேர்த்துப் பெயர் மாற்றிவிடுங்கள். சேர்த்த பிறகு மாற்றினால் லிங்க் அறுந்துவிடும், ஞாபகம் இருக்கட்டும். பெண்கள் பகுதிக்குத் தனி ஃபோல்டர், முடிந்தால் தனி டிஸ்க். அந்தப் பகுதியை எடிட் செய்ய நம் பெண் பிள்ளைகளே இப்போது ஆறு பேர் தயாராக இருக்கிறார்கள். வெளியே ஃப்ரீலான்ஸ் ஆளுக்கு அனுப்பும் அவசியம் இனி இல்லை.

உறவினர்கள் போனில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பும் காட்சிகள் சுருங்கியும் பெயர் மாறியும் வரும். 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

மோஷன் கிராபிக்ஸ் செய்பவர்கள் காட்சியோடு எழுத்துருவையும் கவனிக்க வேண்டும். மணமக்களின் பெயரை பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்திருப்பீர்கள். அது இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் பெயர் இருந்த இடத்தில் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள் வரும். யூனிகோடில் அடித்தால் இந்தப் பிரச்சினை இல்லை. அரபிக்கு இன்னும் கவனம் வேண்டும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் தெற்காசிய, மத்தியக் கிழக்கு மொழிகளுக்கான டெக்ஸ்ட் எஞ்சினைத் தேர்ந்தெடுக்காவிட்டால் எழுத்துகள் ஒன்றோடொன்று சேராமல் பிரிந்து நிற்கும். பிஸ்மில்லாஹ்வை அப்படி உடைத்துத் திரையில் போட்டுவிட்டு, ரெண்டர் ஆனபிறகு பார்த்தால் யாருக்கு வெட்கம்?

வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் திரட்ட மென்பொருளிலேயே வசதி இருக்கிறது. ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் 'கலெக்ட் ஃபைல்ஸ்', பிரீமியரில் 'புராஜெக்ட் மேனேஜர்', டாவின்சி ரிசால்வில் 'மீடியா மேனேஜ்மென்ட்'. ஆனால் கலெக்ட் ஃபைல்ஸ் எழுத்துருக்களை எடுத்துக்கொள்ளாது, எவையெல்லாம் வேண்டும் என்று ஒரு பட்டியல் மட்டும் தரும். பிரீமியருக்குள் நேரடியாக இணைத்த ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் வேலைகளை புராஜெக்ட் மேனேஜர் அப்படியே திரட்டிவிடாது, அவற்றைத் தனியே கலெக்ட் செய்ய வேண்டும். திரட்டிய ஃபோல்டரை வேறொரு கம்ப்யூட்டரில் ஒருமுறை திறந்து பார்த்த பிறகே பழையதைத் தொடுங்கள்.

திறந்து பார்ப்பது ஏன் முக்கியம்? 1998-ல் அமெரிக்காவின் பிக்சார் நிறுவனத்தில் 'டாய் ஸ்டோரி 2' தயாராகிக்கொண்டிருந்தபோது, யாரோ கொடுத்த ஒரு கட்டளையில் படத்தின் ஏறக்குறைய 90 சதவீத ஃபைல்கள் அழிந்துபோயின. பேக்கப் இருக்கிறதே என்று எடுத்தார்கள். அது சரியாகப் பதிவாகவே இல்லை. கேலின் சஸ்மன் என்ற அம்மையார் குழந்தை பெற்று வீட்டிலிருந்து வேலை செய்ததால், அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி இருந்தது. அதைப் போர்வையில் சுற்றிக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். அவ்வளவு பெரிய நிறுவனத்தைக் காப்பாற்றியது வீட்டில் இருந்த பிரதி.

மூன்று பிரதி, இரண்டு வகை சாதனம், ஒன்று வேறு இடத்தில் என்று பீட்டர் கிராக் என்ற புகைப்படக் கலைஞர் பரப்பிய ஒரு விதி இருக்கிறது. நம் பிள்ளைகளால் மூன்று முடியாவிட்டால் இரண்டாவது வையுங்கள், ஆனால் இரண்டையும் ஒரே பீரோவில் வைக்காதீர்கள். 2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கத்திலிருந்து 29,000 கன அடி திறந்துவிட்டபோது அடையாறு ஓரத்தில் என்ன ஆனது என்று பார்த்தோம். தரைத்தளத்து பீரோவில் ஒரு டிஸ்க் இருந்தாலும் பத்து டிஸ்க் இருந்தாலும் ஒன்றுதான். நமக்குப் பக்கத்தில் கூவம் ஓடுகிறது. ஒரு டிஸ்க் உங்களிடம், இன்னொன்று மாடி வீட்டு உறவினரிடம் இருக்கட்டும். இரண்டு பிரதி ஆகும்வரை கேமரா கார்டை ஃபார்மட் செய்யவே கூடாது.

இந்தச் செலவைக் கணக்கில் சேர்த்துக் கட்டணம் சொல்லுங்கள். டிஸ்க் விலையை மறைத்துக் குறைந்த ரேட் சொல்லி ஆர்டர் பிடித்து, பிறகு இடமில்லை என்று அழிப்பதைவிட, முதலிலேயே உள்ளதைச் சொல்லிக் கேட்பது நல்லது. நிக்காஹ் வைக்கும் குடும்பத்தாருக்கும் ஒரு வார்த்தை. பிரியாணிக்கு ஆகும் செலவைப் பார்த்தால் ஒரு ஹார்ட் டிஸ்க் பெரிதில்லை. வீடியோ வாங்கும்போது ஃபுட்டேஜையும் கேட்டு வாங்குங்கள்.

இதற்காக ஒரு பக்க ஒப்பந்தப் படிவம் தயார் செய்திருக்கிறோம். எத்தனை நாள் வைத்திருப்பது, யாரிடம் ஒப்படைப்பது, பெண்கள் பகுதியை யார் எடிட் செய்வது, அழிக்கும் முன் யாருக்குச் சொல்வது என்ற நான்கு இடங்களை நிரப்பினால் போதும். அஸருக்குப் பிறகு அலுவலகத்தில் வாங்கிக்கொள்ளலாம், கட்டணம் இல்லை. டிஸ்க் வாங்க உதவி தேவைப்படும் பிள்ளைகள், கையில் இருக்கும் ஆர்டரின் விவரத்தோடு விண்ணப்பம் கொடுங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் வட்டியில்லாக் கடனுக்கு எடுத்து வைக்கிறேன்.