எங்கள் பதினோராம் வகுப்பு

(பங்கின் பவளவிழாவையொட்டி நடந்த பழைய மாணவர் கூட்டத்தில் 1978ஆம் ஆண்டு மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



1978ஆம் ஆண்டு வகுப்பின் சார்பில் பத்து நிமிடம் பேச வேண்டும் என்று விழாக் குழுவினர் பணித்தார்கள். பத்து நிமிடம் என்று வரையறுத்தது என்னை நன்கு அறிந்தவர்கள் செய்த முன்னேற்பாடு.

இங்கே அமர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு விளக்கம் சொல்லியாக வேண்டும். அக்காலத்தில் உயர்நிலைப்பள்ளிப் படிப்பு பதினோராம் வகுப்போடு முடியும். அதுதான் எஸ்.எஸ்.எல்.சி. அதன்பின் கல்லூரியில் ஓராண்டு பி.யூ.சி., பிறகு மூன்றாண்டு பட்டப்படிப்பு. 1978இல் அம்முறை மாறியது. பத்தாம் வகுப்போடு எஸ்.எஸ்.எல்.சி., அதன்மேல் இரண்டாண்டு மேல்நிலைக் கல்வி என்று ஆயிற்று. முதல் பிளஸ் டூ தேர்வு 1980 மார்ச்சில் நடந்தது. ஆகவே பழைய பதினோராம் வகுப்பின் கடைசிக் கூட்டம் நாங்கள்தான். எங்களுக்கு ஓராண்டு இளையவர்கள் பத்தாம் வகுப்பில் புதுப் பாடம் படித்து, எங்களோடு அதே ஆண்டில் அரசுத் தேர்வு எழுதினார்கள். அண்ணனும் தம்பியும் ஒரே கோடையில் முடிவுக்குக் காத்திருந்த வீடு நம் தெருவிலேயே உண்டு. தம்பி தேறி அண்ணன் தவறினால் அந்த வீட்டில் சோறு எப்படி இறங்கியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோது நாங்கள் இரண்டு பிரிவு. பதினொன்றுக்கு வந்தபோது ஒரே பிரிவு. அதிலும் கடைசி பெஞ்சு காலி. இடையில் நின்றவர்கள் எங்கே போனார்கள் என்று யாரும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. காலையில் சங்கு ஊதும் நேரம் தெருமுனையில் நின்றால் தூக்குச்சட்டியோடு வரிசையாகப் போவார்கள். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றுப் பக்கம் எந்த ஊரானாலும் தோல் ஷாப்பு ஏழைப் பையனை ஏற்றுக்கொண்டது. பதினான்கு வயதில் தகப்பனாருக்குத் துணையாகச் சுண்ணாம்புத் தொட்டியருகே நிற்பான். சிலர் பள்ளிக்கும் வந்துகொண்டு, மணியடித்ததும் நேரே ஷாப்புக்குப் போனார்கள்.

அவர்கள் சட்டையில் சுண்ணாம்பும் பச்சைத்தோலும் கலந்த ஒரு வாடை இருக்கும். துவைத்தாலும் போகாது. அதற்காக மூக்கைப் பிடித்துக்கொண்டவர்கள் எங்கள் வகுப்பில் இருந்தார்கள். அவர்களில் நானும் ஒருவன். என் தகப்பனார் தோல் மண்டியில் கணக்கு எழுதியவர். அந்தத் தோலில்தான் எங்கள் வீட்டு அடுப்பும் எரிந்தது என்பது எனக்கு வெகு காலம் கழித்தே உறைத்தது.

நல்ல நினைவுகளுக்குக் குறைவில்லை. உருது பேசும் வீட்டுப் பிள்ளைகளும், லுத்தரன் சபைப் பிள்ளைகளும், மாரியம்மன் கோவில் தெருப் பிள்ளைகளும் எங்களோடு ஒரே பெஞ்சில் இருந்தார்கள். கிறிஸ்துமஸ் பலகாரம் ஒரு பக்கம் போனால், ரம்ஜான் அன்று பிரியாணி மறுபக்கத்திலிருந்து வரும். கணக்கில் தப்பாது என்று எங்கள் ஐயா நம்பியது ஒன்றே ஒன்றுதான், அவர் கையிலிருந்த பிரம்பு. மடக்கை அட்டவணைப் புத்தகம் நான்கு பேருக்கு ஒன்று. அதைக் கை மாற்றுவதற்குள் கேள்வியே மறந்துவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாங்கள் ஆறாம் வகுப்பில் இருந்தபோது ஷாப்புகளில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் வண்டி வண்டியாக இறங்கும். கழிவுநீர் பட்டைச் சாறாகச் சிவந்து ஓடும். 1973 முதல் மத்திய அரசு அரைப்பதத் தோலின் ஏற்றுமதியைக் குறைத்து, முழுப்பதம் செய்த தோலுக்கும் காலணிக்கும் ஊக்கம் கொடுத்தது. குரோம் முறை பரவியது. நாங்கள் பதினொன்றை எட்டியபோது அதே கால்வாய் நீலப்பச்சையாக ஓடிற்று. வேதியியல் பாடத்தில் நிறமாற்றங்களை மனப்பாடம் செய்த எங்களில் ஒருவனும் அந்தக் கால்வாயைக் காட்டி ஆசிரியரை ஒரு கேள்வி கேட்டதில்லை. அந்தக் கேள்வியை வேலூர் குடிமக்கள் நலமன்றம் 1991இல் உச்ச நீதிமன்றத்தில் கேட்டது. 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் தீர்ப்பு வந்தது. இப்பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ பாழ்பட்டது என்ற கணக்கு அதில் இருக்கிறது. கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்றது நீதிமன்றம். சுத்திகரிப்பு வசதி இல்லாத ஷாப்புகளை மூடச் சொன்னது. கிணறு கெட்டவனும் கூலி இழந்தவனும் பல வீடுகளில் ஒரே ஆளாக இருந்தான்.

இனி நான் பேச வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

என் பெஞ்சுத் தோழர் ஒருவர். பெயரைச் சொல்லக் கூடாது என்று கட்டளை. அவர் இங்கேதான் இருக்கிறார். திரும்பிப் பார்த்துத் தேடாதீர்கள். மாலையில் ஷாப்பு, இரவில் தெருவிளக்கில் படிப்பு என்று பதினொன்று வரை தாக்குப் பிடித்தவர். தேர்வு முடிவு நாளிதழில் எண்களாக வரும். எங்கள் எண்கள் வரிசையாக ஓடி, ஓரிடத்தில் ஒன்று குதித்தது. கணக்கில் போய்விட்டார்.

முந்தைய ஆண்டுகளில் தவறியவர் மறுபடி பதினொன்றில் வந்து உட்காரலாம். அவருக்கு உட்கார வகுப்பே இல்லை. ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது அந்த அறையில் வேறு வகுப்பு நடந்தது. தனியாகப் படித்து எழுதுவது ஒன்றே வழி. "செப்டம்பர் தேர்வுக்கு ஞாயிறுதோறும் வந்து கணக்குச் சொல்லித் தருகிறேன்" என்று மாதா கெபியருகே நின்று வாக்குக் கொடுத்தேன். நான் திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரியில் பி.யூ.சி. சேர்ந்தேன். இரண்டு ஞாயிறு வந்தேன். மூன்றாம் ஞாயிறு விடுதியில் கால்பந்தாட்டம். அதன்பின் ஏதேதோ. அவர் செப்டம்பரில் எழுதவே இல்லை என்பது கிறிஸ்துமஸ் விடுமுறையில்தான் எனக்குத் தெரியும். கோவில் வாசலில் பார்த்தபோது அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "விடுதிச் சாப்பாடு எப்படி?" என்றுதான் கேட்டார்.

நாற்பது ஆண்டுகளுக்கு மேல் தோல் வேலை செய்தார். தொட்டியில் தொடங்கி, டிரம் ஓட்டி, கடைசியில் தோலைத் தரம் பிரிக்கும் மேசைக்கு வந்தார். தோலைத் தொட்டே அது எந்தச் சீமை ஆடு என்று சொல்வார் என்கிறார்கள். 2019இல் பி.எஃப். ஓய்வூதியத்துக்குப் பிறந்த தேதிச் சான்று கேட்டார்கள். மனுவை எழுதித் தரச் சொல்லி என்னிடம் வந்தார். பிளாஸ்டிக் உறையில் சுற்றிய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தை எடுத்தார். அங்க அடையாளம் இடது புருவத்தில் ஒரு தழும்பு. கணக்கில் 29 மதிப்பெண். நான் அந்தப் பக்கத்தைச் சட்டென்று புரட்டினேன். அவர் சிரித்தார். "கணக்குல ஃபெயில்தான். பிறந்த தேதியில நான் பாஸ்டா" என்றார்.

இத்தனைக்கும் பிறகு நான் செய்ததைக் கேளுங்கள். இந்த மலருக்கு எங்கள் வகுப்பின் பெயர்ப் பட்டியலைத் தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. தேறியவர் பதிவைப் பார்த்து அழகாக எழுதிக் கொடுத்தேன். அச்சுக்குப் போகுமுன் அவரிடமே பெருமையாகக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ் வரை விரல் வைத்துப் படித்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "நான் எந்த வகுப்புலடா படிச்சேன்?"

அந்தப் பட்டியலை விழாக் குழுவினரிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டேன். தாமதத்துக்கு அவர்கள் என்னைப் பொறுத்தருள வேண்டும். ஆறாம் வகுப்புச் சேர்க்கைப் பதிவிலிருந்து புதிதாக எழுதிக்கொண்டிருக்கிறேன். தேறியவர், தவறியவர், ஏழிலும் எட்டிலும் நின்றவர் எல்லாரும் அதில் இருப்பார்கள். படமும் பதினோராம் வகுப்புப் படம் வேண்டாம், ஒன்பதாம் வகுப்பில் எடுத்ததையே போடுங்கள் என்று கேட்டிருக்கிறேன். அதில்தான் ஆட்கள் அதிகம்.

அந்தப் படத்தில் பின்வரிசையில் இடமிருந்து நான்காவதாக நிற்கும் பையனின் முகம் முன்னால் இருப்பவன் தலையில் பாதி மறைந்திருக்கிறது. வலது ஓரத்தில் கைகட்டி நிற்பவன் முகம் நன்றாகத் தெரிகிறது. பெயர்தான் எங்களில் யாருக்கும் நினைவில்லை. ஒன்பதாம் வகுப்பு முடிந்ததும் பேரணாம்பட்டுப் பக்கம் குடும்பத்தோடு போய்விட்டான் என்று ஒருவர் சொல்கிறார். படத்தைப் பெரிதாக்கிக் கோவில் முகப்பில் வைத்திருக்கிறோம். பூசை முடிந்து போகும்போது பெரியவர்கள் சற்று நின்று பாருங்கள். தெரிந்தவர்கள் இந்த மாத முடிவுக்குள் என்னிடமோ பங்குத்தந்தையிடமோ சொல்லுங்கள்.