அவகாசம் யாருக்கு?



பாதியில் நின்றுபோன அடுக்குமாடிக் கட்டடத்தைக் கடக்கும்போது நம் கண்ணில் படுவது துருப்பிடித்த கம்பிதான். அங்கே முன்பணம் கட்டியவரோ வீட்டு வாடகையும் கொடுத்து, வங்கித் தவணையும் செலுத்துகிறார். நொடித்துப்போன கட்டுமான முதலாளியைக் கைதூக்கிவிடலாமா என்று சேலையூரில் ஜும்ஆவுக்குப் பின் ஒரு சகோதரர் கேட்டார்.

சிரமத்திலுள்ள கடனாளிக்கு அவகாசம் அளிக்குமாறு அல்பகரா அத்தியாயத்தின் 280ஆவது வசனம் பணிக்கிறது. சந்தை சரிந்து நொடித்தவருக்கு அது பொருந்தும். ஆனால் நொய்டாவின் அம்ரபாலி நிறுவனத்துக்கு? 42,000க்கும் மேற்பட்டோர் வீட்டுக்காகத் தந்த பணம் வேறு வழிகளில் திருப்பப்பட்டதாக உச்ச நீதிமன்றம் கண்டது. 2019 ஜூலையில் பதிவை ரத்து செய்து, கட்டி முடிக்கும் பணியை அரசு நிறுவனமான என்.பி.சி.சி.யிடம் ஒப்படைத்தது. முதலாளி விலக்கப்பட்டார், வீடு வாங்கியவர் காக்கப்பட்டார். எனக்கு இதுவே நீதியாகப் படுகிறது.

அதே நவம்பரில் மத்திய அரசு அறிவித்த 25,000 கோடி ரூபாய் 'ஸ்வாமி' நிதியும் நின்றுபோன கட்டடங்களை முடிப்பதற்கே. (அதிலுள்ள வட்டியைப் பற்றிப் பிறிதொரு ஜும்ஆவில் பேசுவோம்.)

2016ஆம் ஆண்டுச் சட்டப்படி, வாங்குவோர் தரும் பணத்தில் 70 சதவீதம் அத்திட்டத்துக்கான தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். முன்பணம் நீட்டுமுன் அந்தக் கணக்கைப் பற்றிக் கேளுங்கள்; கூச்சப்பட வேண்டாம்.