என்பும் உயிருடையதே
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வச்சிராயுதம் செய்வதற்குத் ததீசி முனிவர் தமது என்பையே ஈந்தார் என்று புராணம் கூறும். என்பின் வன்மையை நம் முன்னோர் அறிந்திருந்தமைக்கு இக்கதை ஒன்றே போதும். ஆயினும், என்பு என்றவுடன் நம்மிற் பலருக்கு மயானமே நினைவுக்கு வருகின்றது. காய்ந்த, உயிரற்ற பொருள் என்றே அதனை எண்ணிவிடுகிறோம். அவ்வெண்ணம் தவறு என்று காட்டுவதே என் பேச்சின் நோக்கம்.

முதலில் அமைப்பை நோக்குவோம். வளர்ந்த மனிதனுக்குப் பொதுவாக 206 என்புகள் உள. குழந்தைக்கு இதனினும் மிகுதி; வளர வளரச் சில ஒன்றோடொன்று பொருந்திவிடும். மண்டையோடு, முள்ளந்தண்டு, 12 சோடி விலா என்புகள், மார்பென்பு முதலிய 80 என்புகள் உடலின் நடு அச்சாக நிற்பவை. எஞ்சிய 126 என்புகளும் கை கால்களையும் அவற்றைத் தாங்கும் தோளையும் இடுப்பையும் சேர்ந்தவை. இரு கைகளிலும் மணிக்கட்டு முதல் விரல் நுனி வரையும், இரு பாதங்களிலுமாக 106 என்புகள் உள. அதாவது மொத்தத்திற் பாதிக்கு மேல்! நாம் எழுதுவதும் மிருதங்கம் வாசிப்பதும் இந்நுண்ணிய அமைப்பினாலன்றோ? மிக நீண்டது தொடையென்பு. மிகச் சிறியது செவியினுள்ளே ஒலியைக் கடத்தும் அங்கவடி என்பு. அதன் நீளம் ஏறக்குறைய 3 மில்லிமீற்றரே.

இனி, தொழில்கள். உடலைத் தாங்குதல், மூளை, இருதயம், சுவாசப்பைகளைக் காத்தல், தசைகளோடு சேர்ந்து இயங்குதல் ஆகியன யாவரும் அறிந்தவை. அறியாதன இரண்டுள. என்பினுள்ளே இருக்கும் செம்மச்சையிலேதான் குருதிக் கலங்கள் பிறக்கின்றன. மேலும், உடலிலுள்ள கல்சியத்தில் நூற்றுக்கு 99 பங்கு என்பிலும் பல்லிலுமே உள்ளது. இருதயம் துடிப்பதற்கும் தசை சுருங்குவதற்கும் குருதியிற் கல்சியம் வேண்டும். குருதியில் அது குறையுமாயின், என்பு தன்னைக் கரைத்துக் கொடுக்கும். ததீசி நம் ஒவ்வொருவர் உடலிலும் இருக்கிறார்!

பழைய என்பை அரிக்கும் கலங்களும் புதியதைக் கட்டும் கலங்களும் ஓயாது வேலை செய்கின்றன. வளர்ந்தோரிடத்து ஆண்டொன்றுக்கு ஏறக்குறையப் பத்திலொரு பங்கு என்பு இவ்வாறு புதுப்பிக்கப்படுகின்றது. சுமைக்கேற்ப என்பு தன்னைத் திருத்திக்கொள்ளும் என்பதை ஜேர்மன் வைத்தியர் யூலியசு வுல்வ் 1892ஆம் ஆண்டிலே விளக்கினார். விண்வெளியிற் பாரமின்றி மிதப்போருக்கு, தகுந்த பயிற்சி இல்லாவிடின், இடுப்பு முதலிய என்புகள் மாதந்தோறும் நூற்றுக்கு ஒரு பங்கு அல்லது அதற்கு மேலாகத் தேய்வது இதற்குச் சான்று.

இளைஞர்களே, இங்கேதான் உங்கள் கவனம் வேண்டும். என்பு ஒரு சேமிப்புக் கணக்கு. ஏறக்குறைய 30 வயதுவரை வரவு மிகுதி. பின்னர் மெல்ல மெல்லச் செலவே மிகும். பெண்களுக்கு மாதவிலக்கு நின்றபின் இத்தேய்வு விரைவாகும். கிணற்றடியில் வழுக்கி இடுப்பொடிந்து, பின் எழுந்து நடமாடாத மூதாட்டியரை நீங்கள் கண்டிருப்பீர்கள். அவ்வீழ்ச்சி ஒரு கணத்தில் நிகழ்ந்ததேனும், அதற்கான பலவீனம் பல்லாண்டாக வளர்ந்ததாகும்.

ஆதலின், பாலும் தயிரும், குரக்கனும் எள்ளும், முருங்கையிலையும் உண்ணுங்கள். வெயில் படும்படி ஓடியாடி விளையாடுங்கள், புகைத்தலை ஒழியுங்கள். பெரியோர்களே, சாய்மனைக் கதிரையே கதியென்றிராது, இயன்றவரை நாள்தோறும் நடவுங்கள். நடக்கும் என்பே நிலைக்கும்.

இறுதியாக இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்று வீடு சென்றதும் கிணற்றடிப் பாசியை உரஞ்சிக் கழுவுங்கள். முதியோர் இரவில் நடமாடும் வழியில் ஒரு விளக்கு வையுங்கள். சிறு தொண்டுதான், ஆயினும் ஒரு பாட்டியின் கால்களை அது காக்கும்.