குறும்பதிவுக் கணக்கைத் தொடங்கும் முன்

(பிரச்சாரப் பணியில் உள்ள தோழர்களுக்கான வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2021 பிப்ரவரி 1. தில்லியின் சிங்கு, டிக்ரி, காஜிப்பூர் எல்லைகளில் விவசாயிகள் அமர்ந்து இரண்டு மாதங்கள் கடந்திருந்தன. குடியரசு தின டிராக்டர் பேரணிக்குப் பின் அந்த எல்லைகளில் இணைய சேவை முடக்கப்பட்டிருந்தது. அன்று ‘கிசான் ஏக்தா மோர்ச்சா’ என்னும் ட்விட்டர் கணக்கும் இந்தியாவில் எவராலும் பார்க்க முடியாதபடி நிறுத்தப்பட்டது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின்கீழ் ஒன்றிய அரசு சுட்டிக்காட்டிய கணக்குகளும் பதிவுகளும் சுமார் 250. ‘கேரவன்’ இதழின் கணக்கும் அவற்றுள் ஒன்று. நாடெங்கும் கண்டனம் எழுந்தபின், அன்றே கணக்குகள் திரும்பின.

விவசாயிகளின் அந்தக் கணக்கு தொடங்கப்பட்டு அப்போது இரண்டு மாதங்கள்கூட ஆகியிருக்கவில்லை. 2020 டிசம்பரில், களத்தின் தேவையை முன்னிட்டுப் பிறந்தது அது. போராடுவோரைப் பிரிவினைவாதிகள் என்று தொலைக்காட்சிகள் சில இரவுதோறும் சித்திரித்துக்கொண்டிருந்தன. கூட்டத்தில் எடுக்கப்பட்ட முடிவு எது, பொய்ச் செய்தி எது, மறுநாள் நிகழ்ச்சி என்ன என்பதை அமைப்பு தன் வாயாலேயே சொல்வதற்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. அதே டிசம்பரில் ‘டிராலி டைம்ஸ்’ என்ற அச்சிதழும் பஞ்சாபியிலும் இந்தியிலும் வெளிவரத் தொடங்கியதைச் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும். கூடாரத்தில் இருந்தவருக்கு அச்சிதழ். வெளியே இருந்தவருக்குக் குறும்பதிவு. ஒன்று மற்றொன்றின் இடத்தைப் பிடிக்கவில்லை.

தொழிற்சங்கமோ மாவட்டக் குழுவோ கணக்குத் தொடங்கும்போது பெரும்பாலும் நிகழ்வது வேறு. ஆர்வமுள்ள இளந்தோழர் ஒருவர் தம் சொந்தக் கைபேசி எண்ணிலேயே தொடங்கிவிடுகிறார். ஆறு மாதத்தில் வேலை தேடி வேறு ஊர் போகிறார். கடவுச்சொல்லும் அவருடனேயே போய்விடுகிறது. மூன்றாண்டுக்கு முந்தைய மே தின வாழ்த்தைச் சுமந்தபடி அமைப்பின் பெயரில் பாழடைந்த கணக்கொன்று மிஞ்சுகிறது. குற்றம் அந்த இளந்தோழருடையது அன்று. பணியை முடிவாக எடுத்துப் பொறுப்பு ஒப்படைக்காத குழுவினுடையது. மின்னஞ்சல் முகவரி அமைப்புக்கு உரியதாக இருக்க வேண்டும். பொறுப்பாளர் இருவர் வேண்டும். எக்ஸ் தளத்தில் குறுஞ்செய்தி வழியான இருபடிச் சரிபார்ப்பு 2023 மார்ச் முதல் கட்டணம் செலுத்துவோருக்கு மட்டுமே என்று ஆகிவிட்டதால், அதற்கென உள்ள செயலியைக் கைபேசியில் நிறுவிக்கொள்ள வேண்டும். தளம் தரும் மீட்புக் குறியீட்டை அச்சிட்டு, உறுப்பினர் பதிவேடு இருக்கும் அலமாரியிலேயே பூட்டி வைக்கலாம்.

முதல் வாரம் எதுவும் எழுத வேண்டியதில்லை. தொழிலாளர் துறை, தொடர்புடைய நிர்வாகம், உள்ளூர்ச் செய்தியாளர்கள், பிற சங்கங்கள் ஆகியோரின் கணக்குகளைப் பின்தொடர்ந்து படித்தால் போதும். யார் எதற்கு விடை சொல்கிறார், எதைக் கண்டும் காணாமல் விடுகிறார் என்பது தெரிந்துவிடும்.

எழுத்துக்கு வருவோம். ட்வீட்டைக் ‘கீச்சு’ என்று தமிழில் அழகாகச் சொல்லிவந்தனர்; 2023 ஜூலையில் தளம் எக்ஸ் என்று பெயர் மாறியபின் பறவை பறந்துவிட்டது, கீச்சு மட்டும் நிற்கிறது. கட்டணம் இல்லாத கணக்கில் ஒரு பதிவுக்கு 280 குறிகள். தமிழில் இதைக் கவனித்துக் கணக்கிட வேண்டும். உயிர்மெய்க்குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுகின்றன. ‘தொழிலாளர்’ என்பது இலக்கணப்படி ஐந்து எழுத்து, கணினிக்கு ஒன்பது. ஆகவே அடைமொழிகளுக்கு இடமில்லை. “தொழிலாளர் விரோத நிர்வாகத்தின் அராஜகப் போக்கைக் கண்டித்து மாபெரும் கண்டன ஆர்ப்பாட்டம்” என்பது சுவரொட்டிக்குப் பொருந்தலாம். குறும்பதிவில் அதைப் படித்தவருக்கு என்ன நடந்தது என்பதே விளங்காது. “தூய்மைப் பணியாளர் 43 பேருக்கு இரண்டு மாத ஊதியம் வரவில்லை. நாளை காலை 10 மணிக்கு நகராட்சி அலுவலகத்தின் முன் கூடுகிறார்கள்” என்று எழுதினால் செய்தியாளர் தொலைபேசியை எடுப்பார். தாராவியிலோ பெங்களூரிலோ இயங்கும் தமிழ்க் கிளை, தமிழ்ப் பதிவின் கீழேயே அந்த வட்டார மொழியிலும் ஒரு பதிவு இட வேண்டும். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் இரண்டும் கெடும். செய்தியை அந்த மொழியில் புதிதாகவே எழுதுவது சிறந்தது.

படங்களில்தான் மிகுந்த எச்சரிக்கை தேவை. வாயில் கூட்டத்தில் முன்வரிசையில் நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளியின் முகத்தைப் பதிவிடுவது, நிர்வாகத்திற்குப் பெயர்ப் பட்டியல் அனுப்புவதற்குச் சமம். மறுநாள் வேலை இல்லையென்று சொல்லப்படுவது பதிவிட்டவருக்கு அன்று, அவருக்குத்தான். கேட்டு, அவர் சம்மதித்தபின் இடலாம்; இல்லையேல் பின்னாலிருந்து எடுத்த படமே போதும். ஒன்றிய அரசு ஊழியர்களுக்கு 1964ஆம் ஆண்டின் நடத்தை விதிகள் உள்ளன. 5ஆம் விதி அரசியல் ஈடுபாட்டையும், 9ஆம் விதி அரசை விமர்சிப்பதையும் தடுக்கின்றன. அத்தகைய தோழர்களின் சொந்தக் கணக்குகளைப் பதிவில் இணைத்துப் பெருமைப்படுத்துவது அவர்களுக்கு உதவி ஆகாது.

கணக்கு எவ்வளவு வளர்ந்தாலும் அது வாடகை வீடுதான். 69ஏ பிரிவுக்கான 2009ஆம் ஆண்டு விதிகளில் 16ஆவது விதி, தடை நடவடிக்கைகளை இரகசியமாக வைக்கச் சொல்கிறது. காரணம் அறியாமலே கதவு மூடப்படலாம். அரசு தலையிடாமலும் வீடு போகும். அமைச்சகங்கள் பல கணக்குத் தொடங்கிய ‘கூ’ என்ற இந்தியத் தளம் 2024 ஜூலையில் மூடப்பட்டது. 2019 நவம்பரில் மூத்த வழக்கறிஞர் ஒருவரின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டபோது பலர் மாஸ்டடானுக்குக் குடிபெயர்ந்தனர். அங்கும் ஒரு கணக்கை இதே பெயரில் பதிந்து வைப்பதற்குச் செலவில்லை. ஆனால் அங்கு வாசகர் குறைவு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

பதிவுகளின் படியை மாதம் ஒருமுறை அலுவலகக் கணினியில் சேமிக்க வேண்டும். தளத்தின் அமைப்புகள் பகுதியில் அதற்கான வசதி உண்டு. கேட்டவுடன் கிடைப்பதில்லை, தயாரித்துத் தர ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். மாதாந்திரக் குழுக் கூட்டத்திற்கு இரண்டு மூன்று நாள் முன்பே கேட்டு வைத்தால், கூட்டத்தன்று அறிக்கையுடன் சேர்த்துப் பார்க்கலாம்.